பழைய தோட்ட டிராக்டருக்குப் பெரிய பின் டயர் மாட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியவர்கள், பழைய கப் கேடட், வீல் ஹார்ஸ் போன்ற தோட்ட டிராக்டர் ஒன்றைக் கொட்டகையிலிருந்து மீட்டு ஓட வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: பின்னால் இன்னும் பெரிய டயர் போடலாமா? போடலாம். ஆனால் போடுவதற்கு முன்பு என்ன வேலைக்காகப் போடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் பெரிய டயர் சில வேலைகளுக்கு நல்லது, சில வேலைகளைக் கெடுத்தே விடும்.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் 1960களின் தொடக்கத்திலிருந்து செய்த கப் கேடட்டைத்தான் இங்கே முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். 1981இல் அந்தப் பிரிவு எம்.டி.டி. நிறுவனத்தின் கைக்குப் போவதற்கு முன்பு வந்த வண்டிகள், அதிலும் 100, 102, 122, 124, 125, 127 போன்ற ஒடுங்கிய சட்டம் கொண்டவை. 1963இல் வந்த ஜான் டீர் 110, அதன் கூட்டாளிகளான 112, 140, இந்தியானாவின் சவுத் பெண்டில் பிறந்த வீல் ஹார்ஸ் வண்டிகள் எல்லாவற்றுக்கும் கணக்கு ஒன்றுதான். 12 அங்குலப் பின் ரிம், கோலர் கே வரிசை ஒற்றை சிலிண்டர் இன்ஜின், வார்ப்பிரும்பு கியர்பெட்டி என்று இந்தக் காலத்து வண்டிகளில் பலவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இன்று பெரிய கடைகளில் விற்கும் மலிவான புல்வெட்டும் டிராக்டர்களுக்கு இங்கே சொல்வது பொருந்தாது. அவற்றின் கியர்பெட்டி இந்தப் பாரத்தைத் தாங்காது.

டயரின் பக்கச் சுவரில் 23×8.50-12 என்று இருக்கிறதே, அது என்ன?

முதல் எண் தோராயமான உயரம், இரண்டாவது அகலம், மூன்றாவது ரிம்மின் விட்டம், எல்லாம் அங்குலத்தில். இந்த வண்டிகளில் பின்னால் அதிகம் வந்தவை 23×8.50-12, 23×10.50-12. பெரிய டயர் என்று எல்லோரும் ஆசைப்படுவது 26×12-12. இடையில் 24×12-12 என்று ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. இவை தவிர 6-12 என்று ஒல்லியான உழவு டயரும் உண்டு, காய்கறிப் பாத்திகளுக்கு நடுவே களை எடுக்கப் போவதற்கானது அது.

எழுதியிருக்கும் அளவை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே 26×12-12 டயர் இரண்டு தயாரிப்பாளர்களிடம் அரை அங்குலம்கூட வித்தியாசப்படும், உழவுப் பட்டை, அதாவது மண்ணைக் கவ்வ டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர், உயரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். தயாரிப்பாளர் தரும் அளவுப் பட்டியலில் காற்றடித்த பிறகான உயரமும் அகலமும் தனியாகப் போட்டிருப்பார்கள், வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

பெரிய டயர் போட்டால் பிடிமானம் கூடுமா?

கொஞ்சம் கூடும். எதிர்பார்த்த அளவு கூடாது. பல பேருக்கு ஏமாற்றம் வருவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டயர் மண்ணைப் பிடிப்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இறங்குகிறது, பட்டை எப்படிப்பட்டது, காற்று எவ்வளவு இருக்கிறது. டயரின் அளவு இவற்றுக்கு அப்புறம்தான் வரும். தேய்ந்து வழுவழுப்பான 23×8.50 புல்தரை டயரில் 20 பவுண்டு காற்றை அடித்து வைத்துக்கொண்டு வண்டி வழுக்குகிறது என்றால், அதைத் தூக்கிவிட்டு 26×12 புல்தரை டயர் போட்டாலும் ஈரக் களிமண்ணில் வழுக்கத்தான் செய்யும். அதே 23 அங்குலத்தில் நல்ல உழவுப் பட்டை டயர் போட்டு, காற்றை 8 பவுண்டுக்குக் குறைத்து, பக்கத்துக்கு ஐம்பது அறுபது பவுண்டு இரும்பைச் சேர்த்தால் வண்டியே வேறு வண்டி ஆகிவிடும். செலவும் குறைவு, எதையும் வெட்டி ஒட்டவும் வேண்டாம்.

பெரிய டயரின் உண்மையான லாபம் வேறு. அகலம் கூடுவதால் இளகிய மண்ணிலும் ஈரப் புல்தரையிலும் வண்டி அமிழ்வது குறையும். பின் அச்சு ஒன்றரை அங்குலம் உயரும், அதனால் வயிற்றுப் பகுதி மேட்டில் இடிப்பதும் குறையும். பள்ளம் மேடு மென்மையாகத் தெரியும், இரும்பு இருக்கையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அது சின்ன விஷயமில்லை. அதோடு எடை கூட்ட உள்ளே திரவம் நிரப்ப இடம் அதிகம். இவற்றில் ஒன்று உங்களுக்குத் தேவை என்றால் பெரிய டயருக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. பார்வைக்குக் கம்பீரமாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்தான், அதில் தப்பு ஒன்றும் இல்லை, விலை தெரிந்து செய்தால் சரி.

இருக்கும் ரிம்மிலேயே 26×12-12 உட்காருமா?

விட்டம் 12 என்பதால் ஏறிவிடும். அகலம்தான் பிரச்சினை. 8.50 டயருக்கு உரிய ரிம் அகலம் 7 அங்குலம், 10.50 டயருக்கு 8.5 அங்குலம், 12 அங்குல டயருக்கு 10.5 அங்குலம் என்பது வழக்கம். 26×12 டயரை 8.5 அங்குல ரிம்மில் நிறையப் பேர் ஓட்டுகிறார்கள், ஓடும். 7 அங்குல ரிம்மில் அதைத் திணித்தால் டயர் நடுவில் உப்பிக்கொள்ளும், மண்ணைத் தொடுவது நடுப்பட்டை மட்டும்தான், ஓரம் அந்தரத்தில் நிற்கும். அகல டயருக்குக் காசு கொடுத்துவிட்டு ஒல்லி டயரின் தடத்தை வாங்கிக்கொள்வது அது. சரிவில் பக்கவாட்டில் ஆடவும் செய்யும். அதனால் முதலில் ரிம்மின் உள் அகலத்தை, டயரின் விளிம்பு உட்காரும் இரண்டு சுவர்களுக்கு நடுவே, அளந்துகொள்ளுங்கள். வெளி உதட்டிலிருந்து அளந்தால் ஓர் அங்குலம் ஏமாந்துபோவீர்கள்.

அகல ரிம் வேறு வண்டியிலிருந்து கிடைத்தால் போல்ட் வட்டம், நடுத்துளை, நடுத்தட்டு எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்ற மூன்றும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து போல்ட் என்பதால் மட்டும் பொருந்திவிடாது. போல்ட் மரையின் தடிமனும் வண்டிக்கு வண்டி மாறும், பழையதைக் கையில் எடுத்துப்போய் ஒப்பிடுவது உத்தமம்.

மட்கார்டில் இடிக்குமா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஒடுங்கிய சட்டம் கொண்ட கப் கேடட்டில் 23×10.50 வசதியாக அமரும். 26×12 நெருக்கும். டயரை வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள முடியும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆக்ஸிலின் மையத்திலிருந்து மட்கார்டின் அடிப்பக்கம் வரை, முன்னால் கால் மிதி வரை, பின்னால் கொக்கித் தட்டு வரை அளந்துகொள்ளுங்கள். புதிய டயரின் ஆரம் 13 அங்குலம், பட்டை உயரத்துக்கு இன்னும் கால் அங்குலம் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் ஓர் அங்குல இடைவெளியாவது இருக்க வேண்டும். பனிச் சங்கிலி மாட்டுவதாக இருந்தால் இரண்டு அங்குலம்.

உள்பக்கம்தான் எல்லோரும் மறப்பது. பிரேக் கம்பி, பின்னால் கருவிகளை மாட்டும் மூன்று புள்ளி கொக்கியின் தூக்கு கை, வண்டியின் அடியில் தொங்கும் புல்வெட்டியை மேலே தூக்கும்போது அதன் ஓரம், இவை மூன்றும் டயரின் உள்சுவருக்கு மிக அருகில் வருபவை. புல்வெட்டியைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு அளந்தால் எல்லாம் சரியாகத் தெரியும், தூக்கினதும் உரசும். ஆகவே தூக்கி வைத்து அளக்க வேண்டும். அதோடு ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்தால் மட்கார்டு சில வண்டிகளில் கொஞ்சம் இறங்கும், யாரையாவது உட்கார வைத்து ஒரு தடவை பாருங்கள்.

சக்கரத்தைத் திருப்பி மாட்டி வெளியே தள்ளலாமா?

தள்ளலாம். நடுத்தட்டு ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும் ரிம்களைத் திருப்பினால் சக்கரம் வெளியே போகும், இடிப்பு தீரும், சரிவில் நிலைப்பும் கூடும். மூன்று விஷயம் பாருங்கள். காற்று வால்வு உள்பக்கம் போய்விடலாம், அது எதிலும் உரசக் கூடாது. உழவுப் பட்டை டயரானால் இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பட்டை தலைகீழாக ஓடும். மூன்றாவது, சக்கரம் எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு ஆக்ஸில் பேரிங்குக்கு நெம்பு அதிகம். ஓர் அங்குலம் தள்ளுவதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் நாலு அங்குலத்துக்கு இடைக்கட்டை வைத்து, உள்ளே திரவமும் நிரப்பி, மேலே வெயிட்டும் மாட்டினால் பழைய பேரிங் நெடுநாள் தாங்காது.

வேகம் எவ்வளவு மாறும்? இழுவை குறையுமா?

23 அங்குல டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 72 அங்குலம் நகரும், 26 அங்குல டயர் சுமார் 82. ஆக எல்லா கியரிலும் வேகம் 13 சதவீதம் கூடுகிறது. மணிக்கு 2 மைல் போன முதல் கியர் 2.26 மைல் போகும். 6 மைல் போன மூன்றாவது கியர் 6.8.

இழுக்கும் விசை அதே கணக்கில் 11, 12 சதவீதம் குறையும். ஆனால் முதல் கியரில் இந்த இழப்பு உங்களுக்குத் தெரியாது. 10, 12 குதிரைசக்தி கோலர் இன்ஜின் முதல் கியரில் சக்கரத்தைச் சுழற்றிவிடும் அளவுக்கு வலுவானது, அங்கே எல்லை வைப்பது மண்ணின் பிடிதான். மூன்றாவது கியரில் மேடு ஏறும்போதுதான் இன்ஜின் திணறுவது தெரியும், அப்போது ஒரு கியர் இறக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் பாத்தி உழும்போது மிக மெதுவாகப் போக வேண்டியவர்களுக்கு, அதாவது சுழல் கலப்பை வைத்து மண் பொடியாக்குபவர்களுக்கு, முதல் கியரே இப்போது வேகமாகத் தோன்றும். மிக மெதுவாகப் போகும் ஊர்வு கியர் இல்லாத வண்டியில் சுழல் கலப்பை வைத்திருந்தால் பெரிய டயர் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஹைட்ரோ வண்டிக்கும் இதே கதைதானா?

கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் இந்த வண்டியில் வேகம் அவ்வளவாகக் கவலையில்லை, நெம்புகோலைக் கொஞ்சம் குறைவாகத் தள்ளினால் பழைய வேகம் கிடைத்துவிடும். ஆனால் மேட்டில் பாரம் இழுக்கும்போது அதே வேலைக்கு எண்ணெய் அழுத்தம் அதிகம் ஏறும், எண்ணெய் சூடாகும். தேய்ந்த பழைய பம்ப், சூடானதும் வலுவிழக்கிறது என்ற நிலையில் இருந்தால் பெரிய டயர் அந்தக் குறையைப் பெரிதாக்கிக் காட்டும். எண்ணெயும் வடிகட்டியும் மாற்றி, காற்று இழுத்து ஊதும் துடுப்புகளில் அடைந்திருக்கும் புல்லைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிரேக் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பேச வேண்டும். பிரேக்கின் பிடி ஆக்ஸில் பக்கம் அதேதான், நெம்பின் நீளம் கூடிவிட்டதால் தரையில் நிறுத்தும் விசை அதே 11, 12 சதவீதம் குறைகிறது. வேகமோ கூடியிருக்கிறது, எடையும் சேர்த்திருப்பீர்கள். ஐம்பது வயதான பிரேக், பெரும்பாலும் எண்ணெய் படிந்தது. டயர் மாற்றும் நாளில் சக்கரம் கழன்றுதான் கிடக்கிறது, அன்றே பிரேக்கைப் பார்த்துச் சரிசெய்துவிடுங்கள்.

புல்வெட்டி சரியாக வெட்டுமா?

பின் பக்கம் மட்டும் ஒன்றரை அங்குலம் உயர்கிறது. 44 அங்குலம் இடைவெளியுள்ள இரண்டு அச்சுகளுக்கு நடுவே அது ஏறக்குறைய 2 பாகை முன்சாய்வு. வெட்டும் தட்டு முன்பக்கம் எட்டில் ஒரு அங்குலம் முதல் கால் அங்குலம் வரை தாழ்ந்திருப்பதுதான் முறை. 2 பாகை சாய்வு அதைவிட நிறைய அதிகம். தட்டின் நீளம் முன்பின் 20 அங்குலம் என்றால் முன்விளிம்பு முக்கால் அங்குலத்துக்கும் அருகே தாழ்ந்து நிற்கும், மேட்டில் தோலை உரிக்கும். தொங்கு கம்பிகளைத் திருகித் திருத்தலாம், பெரும்பாலும் எட்டும். எட்டவில்லை என்றால் பின் தொங்கலில் புதிய துளை போட வேண்டும். உயரக் குறைப்பின் கடைசிப் படியை இழந்துவிடுவீர்கள், குட்டையாக வெட்ட விரும்புபவருக்கு அது உறுத்தும்.

தட்டைத் திருத்திய பிறகு பெல்ட் போகும் பாதையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். கப்பிக்குள் கோணலாக நுழைந்தால் பெல்ட் சீக்கிரம் ஓரம் தேயும், துள்ளி வெளியே வரும். வண்டியைப் புல்வெட்ட மட்டும்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம், 23 அங்குலத்திலேயே இருங்கள்.

முன் டயரையும் பெரிதாக்கிவிட்டால்?

நல்ல யோசனை. வழக்கமான 16×6.50-8க்குப் பதில் 18×8.50-8 போட்டால் முன்பக்கம் ஓர் அங்குலம் உயரும், சாய்வில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிடும். அதற்கும் அகல ரிம் வேண்டும். முழுத் திருப்பு திருப்பி, அச்சை இரண்டு பக்கமும் ஆட்டி, எங்கேயும் உரசவில்லையா என்று பார்க்க வேண்டும். அகல முன் டயர் பழைய ஸ்டியரிங் பெட்டியைக் கனக்க வைக்கும், வண்டி நிற்கும்போது திருப்பினால் கை வலிக்கும்.

முன்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டால் இன்னொன்று நடக்கும். முன் சக்கரம் திரும்பும் கம்பி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் வண்டி தானாக நேருக்கு வருகிறது. பின்பக்கம் உயர்ந்ததும் அந்தச் சாய்வு 2 பாகை குறைந்துவிடும், வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் அலைவது போலத் தெரியும். இன்ஜின் எண்ணெய் பற்றிப் பயம் வேண்டாம், 2 பாகை அதற்கு ஒன்றுமில்லை. எண்ணெய் மட்டம் பார்க்கும்போது மட்டும் வண்டியைச் சமமாக்கிப் பாருங்கள்.

கலப்பை மாட்டி உழப் போகிறேன். 26×12தானே சிறந்தது?

இல்லை. இந்தக் கேள்விக்கு எல்லோரும் தலையாட்டிவிடுகிறார்கள், ஆனால் உழுது பார்த்தவர்கள் வேறு மாதிரிதான் சொல்வார்கள்.

இந்த வண்டிகளுக்கு என்றே பிரின்லி-ஹார்டி போன்றவர்கள் செய்த ஒற்றைக் கொழு புரட்டுக் கலப்பை பெரும்பாலும் 10 அங்குல அகலம். அது வெட்டிவிட்டுப் போகும் சாலும் 10 அங்குலம்தான். இரண்டாவது சால் தொடங்கும்போது வலது பின் சக்கரம் முந்தைய சாலுக்குள் இறங்கி ஓட வேண்டும். 8.50 டயர் உள்ளே தாராளமாகப் போகும். 10.50 டயரும் ஏறக்குறைய போய்விடும். 12 அங்குல டயர் போகாது, ஒரு பக்கம் சால் சுவரில் ஏறும், மறுபக்கம் நீங்கள் இப்போதுதான் புரட்டிப் போட்ட மண்ணை மிதித்து அமுக்கும். வண்டி சாலிலிருந்து நழுவி நழுவி வெளியே ஏறும், ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியே பொழுது போகும். 12 அங்குலக் கலப்பை இருந்தால் கதை வேறு, ஆனால் ஈரக் களிமண்ணில் அதை இழுக்க 10 குதிரைசக்தி போதாது.

உழவுக்கு உண்மையில் தேவை எடை. வலது சக்கரம் ஆறு அங்குலம் கீழே சாலுக்குள் ஓடுவதால் வண்டி வலப்பக்கம் சாய்ந்து, பாரமும் வலப்பக்கம் போய்விடும். மேலே ஓடும் இடது சக்கரம் எடையில்லாமல் சுழலத் தொடங்கும், இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்துச் சுழல வைக்கும் டிஃபரன்ஷியல் பூட்டு கிடையாது, ஒன்று சுழன்றால் மற்றது நின்றுவிடும். அதனால் இடது சக்கரத்துக்குக் கூடுதல் வெயிட் போட்டு உழுவது பழைய வழக்கம். உழவுப் பட்டை 23×8.50 அல்லது 23×10.50, இரண்டு பக்கமும் இரும்பு, இடது பக்கம் ஒன்று கூடுதல்: இதுதான் உழவு வண்டி.

உழவுப் பட்டையா, புல்தரை டயரா?

மண்ணில் வேலை என்றால் ஆர்-1 என்று குறிக்கப்படும் வி வடிவ உழவுப் பட்டை. கார்லைல் ட்ரூ பவர் என்ற டயர் 23×8.50, 23×10.50, 26×12 ஆகிய மூன்று அளவிலும் வருகிறது. புல்தரை மேல் இதை வைத்துத் திருப்பினால் தரையைக் கிழிக்கும், கான்கிரீட் வழியில் அதிகம் ஓட்டினால் பட்டை சீக்கிரம் தேயும். புல்வெட்டவும் வண்டி இழுக்கவும் என்றால் ஆர்-3 எனப்படும் புல்தரை டயர் போதும். முன்பாரம் தூக்கும் வாளி மாட்டியிருப்பவர்கள், சரளைக்கல்லில் ஓட்டுபவர்கள் ஆர்-4 எனப்படும் இடைப்பட்ட வகையைப் பார்க்கலாம்.

இரண்டு வேலையும் செய்பவர்களுக்கு என் யோசனை, இன்னொரு ஜோடி பழைய ரிம் தேடி வாங்கிக்கொள்வது. ஐந்து போல்ட் கழற்றி மாட்டுவது சில நிமிட வேலை. ஒரே டயரை வைத்துப் புல்லையும் களிமண்ணையும் சமாளிக்கப் பார்ப்பதைவிட இது மேல்.

பட்டை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

இருக்கையில் உட்கார்ந்து டயரின் மேல்பக்கத்தைப் பார்த்தால் வி எழுத்தின் கூர்முனை முன்னால் நோக்கியிருக்க வேண்டும். பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறியும் இருக்கும். இப்படி இருந்தால்தான் மண் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டுப் பட்டை சுத்தமாகும். கடையில் ஏற்றக் கொடுத்தால் எது இடது, எது வலது என்று ரிம்மில் சாக்பீஸால் எழுதிக் கொடுங்கள்.

எடை சேர்க்க வெயிட் நல்லதா, உள்ளே தண்ணீர் நிரப்புவது நல்லதா?

ஊரில் டிராக்டர் டயருக்குத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தவர்களுக்கு அதுவே முதலில் தோன்றும். ஓஹையோ, விஸ்கான்சின் குளிரில் வெறும் தண்ணீர் உறைந்து டயருக்குள் கட்டியாகிவிடும். அதனால் இங்கே பழைய விவசாயிகள் கால்சியம் குளோரைடு உப்புக் கரைசல் ஊற்றினார்கள். கனமானது, உறையாது, ஆனால் இரும்பை அரிக்கும். பழைய வண்டியின் பின் ரிம்மில் வால்வைச் சுற்றி மட்டும் துரு தின்றிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இப்போது பீட் கிழங்குச் சாற்றிலிருந்து செய்த திரவம் கிடைக்கிறது, ஒரு கேலன் 11 பவுண்டுக்குப் பக்கம், துரு பிடிக்காது, விலைதான் அதிகம். கண்ணாடி கழுவும் நீலத் திரவத்தை ஊற்றுபவர்களும் உண்டு, மலிவு, ஆனால் எடை தண்ணீரைவிடக் குறைவு. கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் வேண்டாம், ஒழுகினால் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது உயிரையே எடுத்துவிடும்.

வால்வை உச்சியில் வைத்து, வால்வு மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு, நிரப்புவது முறை. 23×10.50 டயர் 8 கேலனுக்குப் பக்கம் பிடிக்கும், 26×12 டயர் 12, 13 கேலன். பீட் திரவம் என்றால் பெரிய டயர் ஒன்றுக்கு 130 பவுண்டுக்கு மேல் வந்துவிடும். பெரிய டயரின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது.

இரும்பு வெயிட்டின் நன்மை, வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். கோடையில் புல்தரை மேல் தேவையில்லாமல் 250 பவுண்டைச் சுமந்து திரிய வேண்டாம். எனக்கு இரும்புதான் பிடிக்கும், ஆனால் பனி தள்ளும் வண்டியாக மட்டும் வைத்திருப்பவர் திரவம் நிரப்பி மறந்துவிடலாம்.

காற்று எவ்வளவு?

பின் டயருக்கு 8 முதல் 12 பவுண்டு. மண் வேலைக்குக் கீழ் எண், சாலையில் பாரம் இழுக்க மேல் எண். இரண்டு டயரிலும் ஒரே அளவு இருப்பது முக்கியம், புல்வெட்டி கோணலாக வெட்டுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். கார் டயருக்கான அளவுமானி இந்தக் குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது, 20 பவுண்டு வரை மட்டும் காட்டும் சிறியது ஒன்று வாங்குங்கள்.

டயரை வீட்டிலேயே ஏற்ற முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். பழைய டயரின் விளிம்பு ரிம்மோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும், சோப்புத் தண்ணீரை ஊற்றி ஊற விட்டு, நீளக் கட்டையை விளிம்புக்கு அருகில் வைத்து அமுக்கிப் பிரிக்கலாம். ரிம்மைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவை எடுத்துப் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். வால்வுத் துளை இரண்டு அளவில் வரும், 0.453 அங்குலம், 0.625 அங்குலம். அதற்கேற்ற ரப்பர் வால்வைப் புதிதாகப் போடுங்கள். ரிம் மிகவும் அரித்துப் போயிருந்தால் டியூப் போட்டுவிடலாம்.

விளிம்பு உட்காராமல் காற்று ஓடிக்கொண்டே இருந்தால் டயரின் நடுச்சுற்றில் ஒரு பட்டைக் கயிற்றைப் போட்டு இறுக்குங்கள், விளிம்பு விரிந்து ரிம்மைத் தொடும். சோப்பு நன்றாகத் தடவியிருக்க வேண்டும். பக்கச் சுவரில் எழுதியிருக்கும் எல்லையை, வழக்கமாக 35 பவுண்டு, தாண்டிக் காற்றடிக்காதீர்கள். நீளக் குழாயும் கவ்விப் பிடிக்கும் முனையும் வைத்துத் தள்ளி நின்று அடியுங்கள். ஈதர் தெளித்துத் தீ வைத்து உட்கார வைக்கும் வித்தையைக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள், அதன் பக்கமே போக வேண்டாம். டயர் வெடித்துக் கையையும் முகத்தையும் இழந்தவர்கள் உண்டு.

கியர்பெட்டி தாங்குமா?

சாதாரண வேலைக்குத் தாங்கும். 300 பவுண்டு விசையோடு இழுக்க 23 அங்குல டயரில் ஆக்ஸில்களுக்குச் சுமார் 288 பவுண்டு-அடி முறுக்கு வேண்டும், 26இல் 325. இந்த வித்தியாசம் கப் கேடட்டின் வார்ப்பிரும்புப் பெட்டிக்குப் பெரிதல்ல. ஆனால் உழவுப் பட்டை, திரவம், வெயிட், சங்கிலி என்று எல்லாம் சேர்ந்தால் சக்கரம் இனி வழுக்கவே வழுக்காது. முன்பு வழுக்கித் தப்பித்த அதிர்ச்சி இப்போது நேராக உள்ளே போகும். கப் கேடட்டில் ஓட்டுத் தண்டின் இணைப்பு ஊசிகள் முதலில் அறுபடும், அது மலிவான பொருள், அதை வலுவான போல்ட்டாக மாற்றிவிட்டால் அடுத்து உடைவது டிஃபரன்ஷியல். வீல் ஹார்ஸில் சக்கர ஹப் சாவிக்கட்டை, திருகு ஆகியவற்றால் ஆக்ஸிலில் நிற்கிறது, திருகு தளர்ந்திருந்தால் அந்தக் கட்டை உட்காரும் சாவிக்காடி தேய்ந்து ஆக்ஸிலே பாழாகிவிடும். பெரிய டயர் மாட்டும் முன் அந்தத் திருகை இறுக்குங்கள். கிளட்சைப் படீரென்று விடாமல் மெதுவாக விடுவது எல்லாவற்றுக்கும் மேலான பாதுகாப்பு.

சரிவில் ஆபத்தா?

எடை மையம் மேலே போகிறது, அகலமும் கூடுவதால் பக்கவாட்டில் பெரும்பாலும் ஈடாகிவிடும். பின்பக்கமாகக் கவிழ்வதுதான் என் கவலை. கொக்கியும் ஒன்றரை அங்குலம் உயர்ந்திருக்கும், பிடியும் பலமாகிவிட்டது. மரக்கட்டையை ஆக்ஸில் உயரத்துக்கு மேலே கட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கும், இந்த வண்டிகளில் தலைக்கு மேல் பாதுகாப்புக் கம்பி எதுவும் கிடையாது. எப்போதும் தாழ்ந்த கொக்கியிலிருந்தே இழுங்கள். முன்பக்கமும் கொஞ்சம் எடை சேருங்கள்.

கடைசியில் எதை வாங்குவது?

புல்வெட்ட மட்டும்: இருக்கும் அளவிலேயே புதிய டயர். உழவும் தோட்டமும்: 23×8.50 அல்லது 23×10.50 உழவுப் பட்டை, வெயிட்டோடு. புல்வெட்டியை வைத்துக்கொண்டே இளகிய தரையில் அமிழாமல் போக வேண்டும் என்றால் 24×12, உயர்வு அரை அங்குலம்தான், திருத்த வேண்டியது கொஞ்சம்தான். பனி தள்ள, மரம் இழுக்க, இழுவைப் போட்டிக்குப் போக என்றால் 26×12, அகல ரிம்மில், திரவத்தோடு, புல்வெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு.

மாட்டிய பிறகு கவனிக்க வேண்டியது?

போல்ட்களை எதிரெதிராக இறுக்குங்கள். முதல் ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு மறுபடியும் இறுக்க வேண்டும், பெயின்ட் அடித்த ரிம்மில் பெயின்ட் நசுங்கிப் போல்ட் தளரும், இது கட்டாயம் நடக்கும். பத்து மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. அதே நேரத்தில் மட்கார்டின் அடியிலும் பிரேக் கம்பியிலும் ரப்பர் உரசிய கருப்புத் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.